மூன்றாவது பெயர்

அக்டோபர் 6, திங்கள்

புதுப்பாளையத்தில் இருக்கும் ‘தளிர்’ பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்துக்கு அவசரகாலத் திட்டம் எழுதிக் கொடுக்க ஒப்புக்கொண்டேன். வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் விட்டுவிட்டு மாலையில் அழைத்துப்போகும் இடம். மொத்தம் இருபத்தேழு குழந்தைகள். அதில் ஐந்து இன்னும் நடக்கவே ஆரம்பிக்கவில்லை. வெள்ளம், புயல், தீ மூன்றுக்கும் டிசம்பர் முடிவதற்குள் திட்டம் எழுதி ஒப்படைக்க வேண்டும் என்று கடிதம் வந்திருக்கிறதாம். நடத்துகிற பத்மாவதி டீச்சர் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார். நானாகப் போய் நின்றேன்.

இருபத்திரண்டு வருடம் ரசாயனத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன். முதுநிலைப் பொறியியல் படித்தவன். வால்வுக் கசிவு பற்றி நான் எழுதிய அறிக்கையில் தன் பெயரைப் போட்டுக்கொண்டு ரங்கராஜன் பொது மேலாளர் ஆனான். நான் ஐம்பது வயதில் விருப்ப ஓய்வில் வெளியே வந்தேன். யாருடைய விருப்பம் என்று யாரும் கேட்கவில்லை. நான்கு வருடம் ஆகிறது. ஆறியிருக்கும் என்று நினைப்பவர்களுக்கு என்னைத் தெரியாது.

ஊரில் இத்தனை காப்பகங்கள் இருக்க இதற்கு ஏன் என்று பத்மாவதி டீச்சர் கேட்டார். வீட்டிலிருந்து மூன்றாவது தெரு என்றேன். உண்மைதான். ஜூன் மாதம்தான் இந்தப் பக்கம் வீடு மாறினேன். பழைய வீட்டில் தண்ணீர் உப்பு.

அக்டோபர் 9, வியாழன்

கட்டடத்தை அளந்தேன். ஓட்டு வீட்டை இழுத்துக் கட்டியது. வாசல் ஒன்று, பின்கதவு ஒன்று. பின்கதவின் முன்னால் அரிசி டிரம். சமையலறையில் காஸ் சிலிண்டர் குழந்தைகள் தூங்கும் அறையை ஒட்டி. மெயின் ஸ்விட்ச் என் தலைக்கு மேல். சுவரில் பழைய வெள்ளத்தின் கறை இன்னும் தெரிகிறது. எனக்கு இடுப்பு உயரம். கறைக்குப் பக்கத்தில் ஒரு குழந்தையை நிறுத்திப் பார்த்தேன். உச்சந்தலைக்கு இரண்டு விரற்கடை மேலே போனது.

நிறுத்திப் பார்த்த குழந்தையின் பெயர் ஆதிரை. மூன்றரை வயது. வேறு காரணம் இல்லை, பக்கத்தில் நின்றது.

அக்டோபர் 14, செவ்வாய்

போன் கடைக்காரன் இன்றும் சொன்னான், இந்த எண்ணை விட்டுவிட்டு வேறு கம்பெனிக்கு மாறுங்கள், புது எண்ணே வாங்கிக்கொள்ளுங்கள் என்று. இப்போதைய வீட்டில் சிக்னல் கிடையாது. யாரிடமாவது பேச வேண்டுமானால் மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும். பேசுவதற்கு ஆள் இருந்தால்தானே. இருபது வருட எண். மாற்றப் போவதில்லை. சோம்பேறித்தனம்தான்.

அக்டோபர் 17, வெள்ளி

குழந்தையை யாரிடம் ஒப்படைப்பது என்ற பகுதியை எழுதினேன். திட்டத்திலேயே முக்கியமான பகுதி இதுதான். வெள்ளம் வந்தால் வடிந்துவிடும். அந்தக் குழப்பத்தில் தவறான ஆளிடம் போன குழந்தை திரும்பி வராது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கார்டு. அதில் மூன்று பெயர்கள், உறவு, போன் எண், புகைப்படம். ஒரு பிரதி பெற்றோரிடம், ஒன்று காப்பகத்தில். கார்டில் பெயர் இல்லாதவர் யாராக இருந்தாலும் குழந்தையைத் தரக் கூடாது.

போனில் கூப்பிட்டுச் சொன்னால் தரலாமா என்று டீச்சர் கேட்டார். கூடாது என்றேன். குரல் யாருடையது என்று எப்படித் தெரியும். பெயரைச் சேர்ப்பதானால் பெற்றவரே நேரில் வந்து தன் கையால் எழுத வேண்டும். ரொம்பக் கடுமையாக இருக்கிறதே சார் என்றார். கடுமையாகத்தான் இருக்கும் என்றேன்.

‘தரக் கூடாது’ என்ற வாசகம் என்னுடையது அல்ல. இருபத்து நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு ஆயா எனக்குச் சொன்னது. பெயர் செபஸ்தியம்மாள். தொழிற்சாலைக் குடியிருப்பில் இதே போல ஒரு காப்பகம். என் மனைவி தமயந்தி என்னோடு சண்டை போட்டுவிட்டு அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த வாரம். மகளைப் பார்க்க மதியம் போனேன். மேகலாவுக்கு அப்போது நாலு வயது. “அம்மா எழுதிக் குடுத்திருக்காங்க சார், உங்ககிட்ட குடுக்கக் கூடாதுன்னு” என்று கம்பிக் கேட்டுக்குப் பின்னால் நின்று சொன்னாள் அந்தப் பெண். என் குரல் சற்று உயர்ந்தது. அவ்வளவுதான்.

அவளை நான் மன்னிக்கவில்லை. அவள் வாசகத்தை எடுத்துக்கொண்டது வேறு விஷயம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 30, வியாழன்

கார்டுகள் வந்துவிட்டன. உட்கார்ந்து சரிபார்த்தேன். ஒன்பது பேர் புகைப்படம் ஒட்டவில்லை. ஒருவர் மூன்று பெயர் வரிசையிலும் தன் பெயரையே எழுதியிருக்கிறார்.

ஆதிரையின் கார்டில் முதல் பெயர் அம்மா. பாண்டிச்சேரியில் ஒரு மருத்துவமனையின் லேபில் வேலை. இரண்டாவது அப்பா; மஸ்கட்டில் இருக்கிறார். மூன்றாவது வரி காலி. மஸ்கட்டிலிருந்து அரை மணி நேரத்தில் வந்து குழந்தையை வாங்கிப் போக முடியுமா? பாண்டி சாலையில் தண்ணீர் ஏறினால் அம்மாவும் வர முடியாது. இது திட்டத்தில் ஒரு ஓட்டை. சிவப்பு மையில் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினேன்: ‘உள்ளூரில் வசிக்கும் ஒருவர் பெயர் அவசியம் தேவை.’ கீழே கையெழுத்துப் போட்டேன். கி. தண்டபாணி, பாதுகாப்பு ஆலோசகர். எல்லாக் குறிப்புக்கும் கீழே கையெழுத்துப் போடுவதுதான் முறை.

கையெழுத்து வழக்கத்தைவிடத் தெளிவாக விழுந்துவிட்டது.

நவம்பர் 4, செவ்வாய்

ஒத்திகை. தொழிற்சாலையில் என் கையில் இருந்த சைரனைக் கொண்டு போனேன், கையால் சுழற்றுவது. அங்கே இதை ஊதினால் எண்ணூறு பேர் நான்கு நிமிடத்தில் கூடும் இடத்தில் நிற்பார்கள். இங்கே நடக்கத் தெரிந்த இருபத்திரண்டில் பாதி அழுதது, மீதி ஒளிந்துகொண்டது. மேஜை அடியில், கதவு மூலையில், அஞ்சலையின் புடவைக்குள். முப்பது வருடப் படிப்பும் அனுபவமும் இதை எனக்குச் சொல்லவில்லை. பயந்தால் பெரியவர்கள் ஓடுவார்கள், குழந்தைகள் ஒளிந்துகொள்ளும்.

அஞ்சலை இங்கே ஆயா. வாய் நீளம். “சார், புள்ளைங்க என்னா கம்பெனி ஆளுங்களா, சங்கு ஊதுனா வரிசையில போய் நிக்கறதுக்கு?” என்றாள்.

எல்லாரையும் வெளியே கொண்டுவந்து எண்ணினால் இருபத்தாறு. ஒன்று குறைந்தது. பட்டியலைப் பார்க்கும் முன்பே எனக்குத் தெரியும் யார் என்று. தேடினேன். அடுக்கி வைத்த பாய்களுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. குனிந்து கூப்பிட்டேன். ஆதிரை கண்ணை இறுக மூடிக்கொண்டு காதைப் பொத்திக்கொண்டது. மெதுவாகக் கூப்பிட்டேன். இன்னும் உள்ளே போனது.

“நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். உங்க மொகத்தப் பாத்தா நானே ஒளிஞ்சுக்குவேன்” என்றாள் அஞ்சலை. பிறகு ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துக் கரண்டியால் தட்டினாள், மதியச் சோற்றுக்குத் தட்டுவது போல. ஆதிரை வெளியே வந்தது. ஒளிந்திருந்த மற்றவையும் தட்டைப் பார்த்து வரிசையில் வந்து உட்கார்ந்தன.

திட்டத்தில் ‘சைரன்’ என்று இருந்த இடங்களை எல்லாம் அடித்துவிட்டு ‘தட்டு’ என்று எழுதினேன்.

இன்னொரு திருத்தமும் செய்ய வேண்டும். பதினேழாம் தேதி எழுதியது சரியல்ல. செபஸ்தியம்மாள் தடுத்த அன்று நான் கேட்டை உதைத்தேன். மூன்று முறையோ நான்கு முறையோ. தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது. ஜன்னலில் தெரிந்த முகம் காணாமல் போனது. குழந்தை மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது, ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை, பாவாடை நனைந்துவிட்டது என்று பிறகு கோர்ட்டில் சொன்னார்கள். வக்கீல் சொல்லிக் கொடுத்தது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

நவம்பர் 12, புதன்

நடக்க முடியாத ஐந்தை எப்படித் தூக்கிப் போவது என்று விவாதம். சக்கரம் வைத்த பெட்டி ஒன்றை வரைந்து காட்டினேன். தண்ணீரில் சக்கரம் ஓடுமா என்று அஞ்சலை கேட்டாள். ஓடாது. சமையலறையிலிருந்து பெரிய அலுமினிய அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தாள். போன வெள்ளத்தில் தன் தங்கச்சி குழந்தையை இதில் வைத்துத்தான் தள்ளிக்கொண்டு போனாளாம். ‘அண்டா – 2’ என்று பட்டியலில் சேர்த்தேன். வழித்துணைக் கயிறு ஒன்றும் தயார். முழத்துக்கு ஒரு முடிச்சு, ஒவ்வொரு முடிச்சையும் ஒரு குழந்தை பிடித்துக்கொள்ள வேண்டும். போய்ச் சேரும் இடம் அடுத்த தெருக் கல்யாண மண்டபத்தின் மாடி. இன்று தட்டைத் தட்டி நடத்திப் பார்த்தோம். பதினொரு நிமிடம். ஆதிரை ஐந்தாவது முடிச்சு.

நவம்பர் 19, புதன்

ஆதிரையின் கார்டு திரும்பி வந்தது. மூன்றாவது வரியில் பென்சிலால் ‘பிறகு’ என்று எழுதியிருக்கிறது.

எழுத்து மாறவே இல்லை. ‘ற’வின் வாலை நீளமாக இழுப்பாள்.

கோர்ட் உத்தரவுப்படி மாதத்தின் முதல் ஞாயிறு சந்திப்பு. பன்னிரண்டு வயது வரை மேகலா வந்தாள். பூங்காவில் உட்கார்ந்து படம் வரைவாள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். பேசிய வார்த்தைகளை எண்ணிவிடலாம். கடைசி முறை, டிராயிங் நோட்டின் முதல் பக்கத்தில் என் போன் எண்ணை எழுதிக் கொடுத்தேன். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு என்றேன். பிறகு அவர்கள் திருச்சிக்குப் போய்விட்டார்கள். அந்தப் பக்கத்தைத் தமயந்தி கிழித்திருப்பாள். தமயந்தி இறந்த செய்தியே எனக்கு மூன்றாம் நாள்தான் வந்தது, அதுவும் அவள் தம்பியின் நண்பன் மூலம். அதையும் மறக்கப் போவதில்லை.

குறிப்பைப் படித்தபோது ஆதிரையின் அம்மா ஏதாவது கேட்டாரா என்று டீச்சரிடம் பொதுவாக விசாரித்தேன். “சேஃப்டி சார் வாட்ச்ச வலது கையில கட்டுவாரான்னு கேட்டாங்க சார்” என்றார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றேன். ஆமாம் என்றேன் என்றார்.

வலது கையில் வாட்ச் கட்டுகிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள்.

நவம்பர் 26, புதன்

நாலரை மணிக்கு வேலை முடிந்துவிட்டது. ஐந்தே காலுக்கு மேகலா வருவாள் என்பது பதிவேட்டில் இருக்கிறது. ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டேன். எதிர் மருந்துக் கடையில் மாத்திரை வாங்க வேண்டியிருந்தது. கூட்டம். வாங்கி முடிக்க ஐந்தரை ஆனது. ஸ்கூட்டரில் முன்னால் குழந்தையை நிறுத்திக்கொண்டு போனாள். ஹெல்மெட் குழந்தைக்குப் போடவில்லை. திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

டிசம்பர் 1, திங்கள்

காலையிலிருந்து மழை. புயல் சின்னம். பள்ளிகளுக்கு நாளை விடுமுறை. மருத்துவமனை, பேங்க் வேலை பார்க்கும் பெண்களுக்கு ஏது விடுமுறை என்று பத்மாவதி டீச்சர் காப்பகத்தைத் திறப்பதாகச் சொல்கிறார். அவசரப் பையைச் சரிபார்த்தேன்: பால் பவுடர், பிஸ்கட், மாற்றுத் துணி, மருந்து, டார்ச், பிளாஸ்டிக் உறையில் கார்டுகள். தட்டு, கரண்டி.

டிசம்பர் 2, செவ்வாய்

கல்யாண மண்டப மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பதினொரு மணிக்குக் கெடிலம் ஆறு கரையைத் தாண்டியது என்று தெருவில் சத்தம் கேட்டது. வாசல் படியில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே சிலிண்டரை மூடினேன், மெயினை அணைத்தேன். அஞ்சலை தட்டைத் தட்டினாள். ஒரு குழந்தையும் ஒளியவில்லை. பதினெட்டு பேர் வந்திருந்தார்கள். அண்டாவில் இரண்டு இரண்டாக நான்கு சிறுசுகள், கயிற்றில் பதினான்கு. எங்களுக்கு முழங்கால் தண்ணீர் அவர்களுக்கு இடுப்பு. ஒன்று பாட ஆரம்பித்தது, மற்றவை சேர்ந்துகொண்டன. பதினாறு நிமிடம். எண்ணினேன். பதினெட்டு. மறுபடி எண்ணினேன்.

இரண்டு மணியிலிருந்து பெற்றோர் வந்தார்கள். கார்டு, முகம், கையெழுத்து. ஒரு சித்தப்பா பெயர் இல்லாமல் வந்து சத்தம் போட்டார், கதவை அடித்தார். அவரிடம் மெதுவாகப் பேசினேன். அப்படிப் பேச எனக்கு வரும் என்று எனக்கே தெரியாது. குழந்தை உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது, கதவை அடிக்காதீர்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் போய் அண்ணனை அழைத்து வந்தார்.

ஐந்து மணிக்கு மிச்சம் ஆதிரை மட்டும். பாண்டி சாலையை அடைத்துவிட்டார்கள்.

பாயில் என் எதிரே உட்கார்ந்து பிஸ்கட்டைக் கொறித்துக்கொண்டே கேட்டது: “நீங்க எந்தப் பாப்பாவோட தாத்தா?”

“நான் தாத்தா இல்ல. சேஃப்டி சார்” என்றேன்.

“உங்களுக்குப் பாப்பா இல்லையா?”

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டும் என்றது.

ஆறு மணிக்கு டீச்சரின் போனில் மேகலா. டீச்சர் கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார், முகம் மாறியது. “அவங்க உங்களோட அனுப்பச் சொல்றாங்க சார். நீங்க அவங்க அப்பாவாமே” என்று போனை என் கையில் கொடுத்தார்.

“அப்பா.”

“ம்.”

“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. உங்க வீடு மாடிதானே, தண்ணி வராது.”

என் வீடு மாடி என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

“கார்டுல என் பேர் இல்லம்மா.”

“நான்தானே சொல்றேன்.”

“போன்ல சொன்னா செல்லாது. நான் எழுதினதுதான்.”

அந்தப் பக்கமும் மழை பெய்துகொண்டிருந்தது கேட்டது. “அப்ப அங்கயே இருப்பீங்களா?” என்றாள்.

“இருப்பேன்.”

போனைத் திருப்பிக் கொடுத்தேன். அஞ்சலைக்குப் பொறுக்கவில்லை. “என்னா மனுசன் சார் நீங்க. தூக்கிக்கிட்டுப் போவீங்களா, ரூல்ஸு பேசிக்கிட்டு” என்றாள். அவளுக்குத் தெரியாது, இந்தக் குழந்தையை என் வீட்டுக்குக் கூட்டிப் போவதை எத்தனை நாள் நினைத்திருக்கிறேன் என்று. தலையணைகூட வாங்கி வைத்திருக்கிறேன், சின்னதாக. தள்ளுபடியில் கிடைத்தது என்று வாங்கியது.

ஒரு மகள் ஒரு அப்பாவை நம்பிச் சொன்னாள். சரி. ஆனால் இன்று நான் எனக்காகக் கதவைத் திறந்தால், நாளை யாருக்கெல்லாம் திறக்க வேண்டும்? செபஸ்தியம்மாளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது, அவ்வளவாகப் படித்தவளும் அல்ல. கேட்டைப் பிடித்திருந்த அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் விடவில்லை. இது இப்போது நினைவுக்கு வருகிறது.

ஆதிரை தூங்கிவிட்டது. கொசு. பட்டியலை வைத்து விசிறிக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 3, புதன்

மழை விட்டது. எட்டு மணிக்கு மேகலா வந்தாள். பால் வண்டியில் பாதி தூரம், நடந்து மீதி. முழங்கால் வரை சேறு. நெற்றியும் புருவமும் தமயந்தியுடையவை. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

வாசலில் நின்றாள். நான் எழுந்தேன்.

“கார்டு” என்றேன்.

அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டாள். “பெத்த பொண்ணுகிட்டயே கார்டு கேக்கறாரு.” மேகலா பையிலிருந்து கார்டை எடுத்துக் கொடுத்தாள். உறைக்குள் ஈரம் போகவில்லை. புகைப்படத்தையும் முகத்தையும் ஒப்பிட வேண்டும் என்பது விதி. எவ்வளவு நேரம் ஒப்பிட வேண்டும் என்று நான் விதியில் எழுதவில்லை. அவளும் அசையாமல் நின்றாள்.

பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். ஆதிரை ஓடிவந்து இடுப்பில் ஏறிக்கொண்டு, “அம்மா, இந்தத் தாத்தாகிட்ட பாப்பாவே இல்லையாம்” என்றது.

மேகலா குழந்தையை இடது இடுப்புக்கு மாற்றினாள். “பேனா குடுங்க” என்றாள்.

கொடுத்தேன். கார்டை மேஜையில் வைத்து, பென்சிலால் எழுதியிருந்த ‘பிறகு’வின் மேலேயே எழுதினாள். பெயர். உறவு. அடுத்தது போன் எண். நான் சொல்ல ஆரம்பித்தேன்: ஒன்பது, நான்கு, நான்கு, மூன்று. அங்கே இருமல் வந்தது. இரவு முழுக்க ஈரத்தில் உட்கார்ந்திருந்ததுதான் காரணம். திரும்பிக்கொண்டு இருமினேன்.

இருமி முடித்து அடுத்த எண்ணைச் சொல்லத் திரும்பியபோது அவள் பேனாவை மூடிக்கொண்டிருந்தாள்.

கார்டை வாங்கிச் சரிபார்த்தேன். பத்து எண்களும் இருந்தன. எல்லாம் சரியாக இருந்தன.